முழங்காலில் மிச்சமிருந்த மலை

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு வலது முழங்காலில் இன்னும் ஒரே ஒரு மலை பாக்கி இருந்தது. இதைக் கண்டுபிடித்தவர் எலும்பு மருத்துவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய மெத்தை காகிதமாகத் தேய்ந்துவிட்டது என்று சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்வி. மலை ஏறலாமா?

மருத்துவர் படத்தை மறுபடியும் பார்த்தார். "ஒரு மலை ஏறலாம். சின்ன மலையா, மெதுவா. ஆனா ஒண்ணுதான் இருக்கு. அதை வேற எதுலயும் செலவு பண்ணிடாதீங்க. மாடிப்படி இருக்கிற பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க."

புருஷனும் மனைவியும் அன்றைக்கு ஏதோ புதையல் கிடைத்தவர்கள் போல வீட்டுக்கு வந்தார்கள். காரணம் இருந்தது. மனைவி ஒரு துணிக்கடையில் போர்வைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவள். நின்றவள் என்றால் நின்றவள்தான். அந்தக் கடையில் நாற்காலியெல்லாம் துணி வாங்க வருகிறவர்களுக்குத்தான், விற்கிறவர்களுக்கு இல்லை. அவள் விற்ற போர்வை உறையில் ஒரு படம் அச்சாகியிருக்கும். கடலோரத்தில் ஒரு நகரம், நகரத்துக்குப் பின்னாலேயே விறுவிறுவென்று எழும்பும் ஒரு மலை, மலையுச்சியில் மேஜை போல ஒரு தட்டைப் பாறை. அந்தப் பாறையில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே கடல் தெரியுமாம். இருபத்தாறு வருஷத்தில் அந்த மலையை எத்தனை ஆயிரம் பேருக்கு மடித்துக் கொடுத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. மெக்கானிக்கின் கதையும் அதேதான். முப்பத்தோரு வருஷம் இருட்டுப் பொந்துக்குள் தொங்கிக்கொண்டு ஊரில் உள்ளவர்களையெல்லாம் உச்சிக்கு அனுப்பியவர். அவர் உச்சியில் பார்த்தது கிரீஸ் படிந்த மோட்டாரைத்தான்.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பயணத் திட்டம் எழுதிவிட்டாள். முதல் நாள், துறைமுகத்தில் தொடங்கி மலையேற்றம், உயரம் ஐந்நூற்று இருபது மீட்டர். இரண்டாம் நாள், பாறைக் கரையோரம் துடுப்புப் படகு. மூன்றாம் நாளுக்கு நேராக, "சும்மா உட்காருவது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். இருவருக்கும் ரப்பர் அடிப்பாகம் போட்ட கான்வாஸ் ஷூ வந்தது. வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தார்கள். பை கட்டிக் கதவோரம் வைத்தாயிற்று.

இப்படி ஒரு ஆசை வந்தால் மனிதர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த மலையில் யாரோ ஒருவர் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டார். அது எப்படித் தொலைந்தது என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு உட்கார ஒரு அலுவலகம் பிடித்தார்கள். அலுவலகம் வந்த பிறகு அதற்கு வேலை வேண்டுமே என்று ஒரு சட்டமும் போட்டார்கள். இவ்வாறு பிறந்ததுதான் சாகசப் பயணத் திட்டமிடல் வாரியம். அதன் அனுமதிச் சீட்டு இல்லாமல் போனால் மலையடிவாரத்து இரும்புக் கதவு திறக்காது. செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

வாரியம் ஒரு பழைய கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருந்தது. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் நேரில் வர வேண்டும் என்பது விதி. கீழே லிஃப்ட் கதவில் "பழுது" என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. பலகையே துருப்பிடித்திருந்தது. மெக்கானிக் பழக்க தோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டார். மேலே எங்கேயோ டக் என்று ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கதவுப் பூட்டில் அழுக்கு, பத்து நிமிஷ வேலை. ஒரு ஸ்க்ரூடிரைவரும் துண்டு உப்புத்தாளும் போதும், இரண்டும் சட்டைப் பையிலேயே இருக்கின்றன என்று வாசல் காவலாளியிடம் சொன்னார்.

காவலாளி நல்ல மனுஷர். தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும், ஆனால் லிஃப்டைத் தொட வாரியத்தின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்றும், அதற்கு மேலே போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் விளக்கினார்.

பின்பக்கம் ஒரு சரக்கு லிஃப்ட் இருந்தது. அது ஜோராக ஓடியது. ஆனால் அது கோப்புகளுக்கு மட்டும். கோப்புக்குத் துணையாக ஒரு ஆள் போகலாம் என்று விதியில் ஒரு வரி இருந்ததால், அதிகாரிகள் எல்லோரும் காலையில் ஆளுக்கொரு கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து அதில் ஏறிப் போனார்கள். விண்ணப்பதாரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர்களுடைய காகிதம் எட்டாவது மாடியில் கொடுத்த பிறகுதான் கோப்பு ஆகும். கோப்பு ஆன பிறகு, அது முடிந்து மூடப்படும் வரை அந்த மாடியை விட்டு நகராது.

மாடிக்கு இருபது படி வீதம் நூற்று அறுபது படி. மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். "ஒரு தடவைதானே" என்றாள். அவரும் ஆமாம் என்றார்.

வாரியத்தின் கூடம் பெரியது. ஒரு சுவர் முழுக்க அந்த மலையின் ஓவியம். மலைக்குக் கீழே கடல் இருக்க வேண்டிய இடத்தை ஒரு பெரிய இரும்பு பீரோ அடைத்துக்கொண்டு நின்றது. ஊழியர்கள் அனைவரும் கனமான மலையேற்ற பூட்ஸ் போட்டு, கழுத்தில் விசில் மாட்டியிருந்தார்கள். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். போய்ச் சேர்ந்ததும் ஒரு விசில். திரும்பி வந்ததும் இரண்டு விசில். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தார்கள். அது கால் மணி நேரம் நீண்டது. விண்ணப்பதாரர்களும் நிற்க வேண்டும். மனைவிக்கு நிற்பது புதிதில்லை, ஆனாலும் முழங்காலுக்கு அவளைப் போலப் பொறுமை இல்லை.

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி: "நீங்கள் வழி தவறவிருக்கும் இடம், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறிப்பிடுக." மெக்கானிக் அங்கே "தவற மாட்டோம்" என்று எழுதியிருந்தார். திட்ட அதிகாரி அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மலை விபத்துகளுக்கு முதல் காரணம் அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை என்று வாரியம் கண்டறிந்திருப்பதாகவும், இதோ அதற்குக் கையெழுத்துப் போட்ட சாட்சியே கிடைத்துவிட்டதாகவும் சொல்லி, விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியே லிஃப்ட் விஷயத்தையும் மெக்கானிக் பணிவாகக் காதில் போட்டுப் பார்த்தார். அதற்கான மனுவைச் சாகசம் முடித்தவர்கள் மட்டுமே கொடுக்கலாமாம். மற்றவர்களுக்கு உயரத்தில் அனுபவம் போதாதாம்.

மறுபடியும் ஏறினார்கள். இந்த முறை மூன்றாவது வளைவில், முதல் நாள் பகல் பன்னிரண்டு இருபதுக்கு வழி தவறுவதாக எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு இருபது மீட்புக் குழுவின் சாப்பாட்டு நேரம் என்று அது திரும்பி வந்தது. இரண்டரை மணிக்கு மாற்றினார்கள். இரண்டரைக்கு வேறொருவர் அதே வளைவில் வழி தவற ஏற்கெனவே பதிவு செய்திருந்தார். பிறகு எதிர்பாராத நிகழ்வுகளின் பட்டியலைக் கேட்டார்கள், நடக்கப்போகும் வரிசையில், நேரத்தோடு. மனைவி யோசித்து, "மழை, பிற்பகல் மூன்று மணி" என்று எழுதினாள். மழையிடமிருந்து உறுதிக் கடிதம் இல்லையே என்று அதிகாரி வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதைத்தான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் திட்டம் ஒரு மாதத்தை விழுங்கியது. சும்மா உட்காருவது சாகசத்தில் எந்தப் பிரிவில் வருகிறது என்று வாரியம் கூடிப் பேசியது. எதை நோக்கி உட்காருவீர்கள், உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கும் உத்தேசம் உண்டா என்று எழுத்துமூலம் கேட்டார்கள். கடலை நோக்கி என்று மனைவி பதில் எழுதினாள். எழுந்திருப்பது பற்றி முடிவு செய்யவில்லை என்றும் எழுதினாள். அதற்காகவே இன்னும் இரண்டு முறை ஏற வேண்டியதாயிற்று.

ஒன்பதாவது முறையிலிருந்து அவள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து மறு காலைச் சேர்த்து ஏற ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நிற்பார்கள். அந்த நேரத்தில் மெக்கானிக் லிஃப்ட் கதவை ஏக்கத்தோடு பார்ப்பார். பசித்தவன் முன்னால் சாப்பாட்டைப் பூட்டி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. "பத்து நிமிஷ வேலைம்மா" என்று ஒவ்வொரு மாடியிலும் சொல்வார். அவளும் ஒவ்வொரு மாடியிலும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவாள். மருத்துவர் இப்போது அரை மலைதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

நீ வர வேண்டாம், நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று அவர் ஒருமுறை தானே ஏறிப் போனார். துணை விண்ணப்பதாரர் வராத காரணத்தால் அன்றைய வருகையே செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள். திட்டத்தையே விட்டுவிடலாமா என்று வீட்டில் மெல்லக் கேட்டார். அவள் கதவோரத்துப் பையின் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டினாள்.

"இத்தனை படி ஏறிட்டு விட்டா, இந்தக் கால் எதுக்குத் தேஞ்சுதுன்னு அதுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

பதினாலாவது முறை போனபோது பயிற்சி வகுப்பு. திட்ட அதிகாரி ஓவியத்துக்கு முன்னால் நின்று உரையாற்றினார். மலை என்பது தரையின் கட்டுப்பாடற்ற போக்கு என்று ஆரம்பித்தார். தான் இதுவரை எந்த மலையையும் நேரில் பார்த்ததில்லை, பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்றும் சொன்னார். அப்புறம் நெஞ்சு நிமிர்ந்தது.

"இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அந்த மலையில ஒருத்தர்கூட வழுக்கி விழல. ஒருத்தர்கூட வழி தவறல. ஒரு செருப்புகூடத் தொலையல. ஏன்னு கேளுங்க. ஒருத்தர்கூட அங்க போகல. திட்டமிடலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கு?"

ஊழியர்கள் விசிலடித்தார்கள். மெக்கானிக்கும் கை தட்டினார், தட்டாவிட்டால் அதற்கொரு படிவம் இருக்கும் என்ற பயத்தில்.

பதினேழாவது முறை எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. திட்ட அதிகாரியே ஆச்சரியப்பட்டுப் போய் அவசரமாக விதிப் புத்தகத்தைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மலையேற அனுமதி வேண்டுமென்றால், குறைந்தது ஐந்நூறு மீட்டர் ஏறிய முன் அனுபவம் வேண்டும். ஏறாமல் அனுபவம் எப்படி வரும் என்று மெக்கானிக் கேட்டார். மிக ஆழமான கேள்வி என்று அதிகாரி குறித்துக்கொண்டார். அன்று மாலை மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு இப்போது கால் மலைதான் மிச்சம், போவதென்றால் இந்த வாரமே கிளம்புங்கள் என்றார்.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். திடீரென்று எழுந்து கருவிப் பெட்டியைத் திறந்து, அளவு நாடாவை எடுத்தார். வேறு யாராக இருந்தாலும் இது தோன்றியிருக்காது. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தாலே மாடிக்கு மாடி உயரம் எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போடுகிற ஜாதி அவர். படி உயரம் பதினேழரை சென்டிமீட்டர் என்று அவர் கால் முன்பே சொல்லியிருந்தது. நாளை அளந்து பார்த்தால் போதும். இருபது படிக்கு மூன்றரை மீட்டர். எட்டு மாடிக்கு இருபத்தெட்டு. நாளையோடு பதினெட்டு முறை.

"ஐந்நூத்தி நாலு மீட்டர்மா. நாம ஏற்கெனவே ஏறியிருக்கோம். அவங்க படியிலேயே ஏறியிருக்கோம்."

அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். தன் புருஷன் இவ்வளவு கெட்டிக்காரர் என்று முப்பது வருஷமாகத் தெரியாமல் போய்விட்டதே என்றாள். அவருக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் ஒவ்வொரு மாடியாக அளந்து, கட்டடத்தின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, வருகைப் பதிவேட்டின் தேதிகளைப் பக்கத்தில் எழுதி, கூட்டுத்தொகையைச் சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தார். திட்ட அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். எழுந்து நின்றார். வாரிய வரலாற்றில் இவ்வளவு துல்லியமான விண்ணப்பம் வந்ததில்லை என்று கைகுலுக்கி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, படத்தைத் தலைவரின் அறைக்கு எடுத்துப் போனார். ஒரு வாரத்தில் அழைப்பு வந்தது. தலைவரே நேரில் பார்க்கிறாராம். புதுச் சட்டை போட்டு, கான்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பையையும் எடுத்துக்கொள்ளலாம், இப்படியே ரயிலேறிவிடலாம் என்றாள் அவள். அந்த நூற்று அறுபது படியை ஏற அவளுக்கு முக்கால் மணி நேரமானது. ஏழாவது மாடியில் முழங்காலுக்குள் ஏதோ நழுவியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.

கூடத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். தலைவர் பெருமையில் சிவந்த முகத்தோடு, வெல்வெட் அட்டை போட்ட ஒரு சான்றிதழைக் கையில் வைத்திருந்தார்.

"உங்க கணக்கை நாங்க சரிபார்த்துட்டோம். ஒரு மில்லிமீட்டர் பிசகில்ல. இன்னிக்கு வந்ததோட பத்தொன்பது தடவை. ஐந்நூத்தி முப்பத்திரண்டு மீட்டர். மலையோட உயரம் எவ்வளவு? ஐந்நூத்தி இருபது. அதாவது, நீங்க மலையை ஏறி முடிச்சுட்டீங்க. அதுவும் எங்க மேற்பார்வையில, ஒரு விபத்தும் இல்லாம. இந்த வாரியத்தோட முதல் வெற்றிகரமான சாகசப் பயணம் உங்களோடதுதான். வாழ்த்துகள்."

விசில்கள் ஒலித்தன. மெக்கானிக் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அப்படியானால் மலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். ஒருவருக்கு ஆயுளில் ஒரு சாகசம்தான், அது முடிந்தாயிற்று என்று தலைவர் அன்பாக விளக்கினார். சின்னதாக ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறதாம். உச்சியைத் தாண்டி பன்னிரண்டு மீட்டர் அனுமதியில்லாமல் ஏறியிருக்கிறார்கள். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் கோப்பை மூடிவிடலாம்.

அளந்த கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது மெக்கானிக்குக்கு. மனைவியின் முகத்தைப் பார்க்கவே கூசியது. ஆனால் எழுதினார். உச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாததால் தாண்டிவிட்டோம், மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எலும்பு மருத்துவரின் கணக்கும் வாரியத்தின் கணக்கும் கடைசியில் அப்படியே ஒத்துப்போயின. மலை செலவாகிவிட்டது.

புகைப்படம் எடுக்க இருவரையும் ஓவியத்தின் முன் நிறுத்தினார்கள். மனைவி சான்றிதழைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது பீரோவை.

"ஐயா, இந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க. கடலை மட்டும் பாத்துட்டுப் போயிடறோம்."

தலைவர் சங்கடமாகச் சிரித்தார். "பெயின்டர் வந்தப்பவே பீரோ அங்கதாம்மா இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி வெறும் சுண்ணாம்புதான்."

மெக்கானிக் போகும்போது கடைசியாக ஒன்று கேட்டார். இப்போது தாங்கள் சாகசம் முடித்தவர்கள், லிஃப்டைச் சரிசெய்ய மனு கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம் என்று படிவத்தை நீட்டினார் திட்ட அதிகாரி. பூர்த்தி செய்து முப்பது நாள் கழித்து இருவரும் நேரில் கொண்டுவந்து தர வேண்டும். இப்போதைக்குச் சரக்கு லிஃப்டில் இறங்கிக்கொள்கிறோமே, எங்கள் கோப்புதான் முடிந்துவிட்டதே, அதற்குத் துணையாகப் போகிறோமே என்று மெக்கானிக் கெஞ்சினார். மூடிய கோப்புக்குத் துணை தேவையில்லை, அதுவே தனியாகப் போய்விடும் என்றார் அதிகாரி.

இறங்க ஆரம்பித்தார்கள். அவள் காலை ஊன்ற முடியாமல் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து வந்தாள். அவர் ஒரு தோளில் பையையும், கக்கத்தில் சான்றிதழையும் வைத்துக்கொண்டு ஒரு கையால் அவளைத் தாங்கினார். ஐந்தாவது மாடியில் அவள் நகர்வதை நிறுத்திவிட்டாள். எதிரே ஒரு சுவர். கடையில் இருபத்தாறு வருஷம் பார்த்த சுவரைப் போலவே வெளிர்பச்சை.

"இன்னிக்கே மூணாம் நாளுன்னு வெச்சுக்கலாம். சும்மா உட்காரலாம்" என்றாள்.

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய ஷூவின் நாடாவை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினார். ரப்பர் அடிப்பாகம் இன்னும் புதுசாகவே இருந்தது. அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. சரக்கு லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு நன்றாக இருக்கிறது, எண்ணெய் போட்டிருக்கிறார்கள், உள்ளே கனம் அதிகமில்லை, ஒரே ஒரு கோப்புதான் என்று அவர் காதுக்குத் தெரிந்தது.

"நம்மளோடதாங்க?" என்று கேட்டாள் அவள். "இப்ப எங்க இருக்கு?"

அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"நம்மளைத் தாண்டிப் போயிடுச்சும்மா."